15-ஆம் தேதி ராத்திரி என்றால் எந்த ராத்திரி?

விமானம் கிளம்புவது 16-ஆம் தேதி அதிகாலை 1.50-க்கு. நம்மவர்கள் யாரிடம் கேட்டாலும் அதை 15-ஆம் தேதி ராத்திரி என்றுதான் சொல்வார்கள். மைல்ஸில், அதாவது அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் புள்ளிகளில், அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது அமெரிக்கக் கால் சென்டர் பெண்ணிடம் இரண்டையும் சேர்த்தே சொன்னேன்: 15 ராத்திரி வீட்டிலிருந்து கிளம்புகிறோம், விமானம் 16-ஆம் தேதி 1.50. அவரும் அழகாகத் திருப்பிச் சொன்னார். மின்னஞ்சலில் வந்ததோ 15-ஆம் தேதி 1.50. அதாவது அம்மா 14-ஆம் தேதி ராத்திரியே தனியாகப் பறக்க வேண்டும், நான் மறுநாள் பின்னாலேயே போய்ச் சேர வேண்டும். தனியாகப் போக மாட்டேன் என்று சொன்னதால்தானே அம்மாவைக் கூட்டிப் போகவே அமெரிக்காவிலிருந்து வந்தேன்!

ஊரில் மற்ற வேலைகள் எல்லாம் நடந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த ஒரு தேதிதான் விடுமுறையைத் தின்றது.

என் டிக்கெட் காசு கொடுத்து வாங்கியது. அம்மாவுடையது நான் சேர்த்து வைத்த மைல்ஸில். மைல்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் இருக்கிறது, பறப்பதோ அதே கூட்டணியில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில். தலைவலி முழுக்க இந்த இடத்தில்தான். டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனம்தான் அதைத் திருத்த முடியும். விமானத்தை ஓட்டும் நிறுவனம் எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது. அதுவும் இது மைல்ஸுக்கென்று ஒதுக்கிய சீட். விமானம் பாதி காலியாகப் போனாலும், அந்த ஒதுக்கீட்டில் இடம் இல்லையென்றால் நமக்கு இடம் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும்போது இதெல்லாம் ஆப்பில் இரண்டு தட்டு. இங்கே வந்ததும் மைல்ஸ் கணக்குக்குள் நுழையவே ஓடிபி கேட்டது. ஓடிபி போவது அமெரிக்க எண்ணுக்கு. ரோமிங் காசை மிச்சம் பிடிக்க அந்த சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தேன். மாட்டினால் சிக்னல் இல்லை. சிக்னல் வந்தபோது ஓடிபி காலாவதி. சரி, பேசியே முடிப்போம் என்றால், அவர்கள் கொடுத்திருக்கும் 1-800 இலவச எண் இங்கிருந்து போட்டால் போகவில்லை. வைஃபை காலிங்கில் மொட்டை மாடிக்குப் போய், ரௌட்டர் எட்டும் மூலையில் நின்றுகொண்டு பிடித்தேன். 'உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது' என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஊரில் பேச்சில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஒருவர் வழி சொன்னார்: கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்குப் போகவர இருக்கும் விமானங்களுக்கு அங்கே ஒரு விதி உண்டு. விமானம் கிளம்பக் குறைந்தது 7 நாள் இருந்து, நேரடியாக நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம், அல்லது காசு கட்டாமலே அவ்வளவு நேரம் சீட்டைப் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை நிறுவனம் தந்தாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது ரத்து செய்யத்தான் உரிமை தருகிறது, தேதியைத் திருத்த இல்லை. நான் 'சரி, செய்யுங்கள்' என்று சொல்ல வாயெடுத்தபோது ரௌட்டர் செத்தது. கரண்ட் போய்விட்டது. ஊரின் மின்வெட்டை வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தியது அப்புறம்தான்.

காலையில் விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் டவுன் ஆபீஸுக்குப் போனேன். ஒரு காலத்தில் இந்த ஆபீஸுக்கு வராமல் யாரும் திரும்பிப் போனதில்லை. 72 மணி நேரத்துக்கு முன்னால் ரீகன்ஃபர்ம், அதாவது பயணத்தை மறுபடி உறுதி, செய்தாக வேண்டும். சிவப்புக் கார்பன் ஒட்டிய டிக்கெட் புத்தகத்தை நீட்டினால், முத்திரை போட்டு ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். 2008 ஜூனில் காகித டிக்கெட்டே போனது. இப்போது அங்கே இருப்பது இரண்டு மேஜை, ஒரு டோக்கன் இயந்திரம். டோக்கன் இயந்திரம் வேலை செய்யவில்லை. வரிசை என்று ஒன்றும் இல்லை, எனக்கு முன்னால் இரண்டு பேர் முழங்கையால் நுழைந்தார்கள். நாற்பது வயசு இருக்கும் ஒரு அம்மா கவுன்டரில். நான் கதையை ஆரம்பித்ததுமே தலையைத் தூக்காமல், "இது எங்க டிக்கெட் இல்லை சார், வாங்கின இடத்துல கேளுங்க" என்றார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

"கேன்சல் பண்ணச் சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"பண்ணிடாதீங்க. பழசை விட்டுட்டா அது எங்க சீட்டுக்குள்ள போயிடும், மறுபடி மைல்ஸுக்கு வரும்னு சொல்ல முடியாது. 16-ல இடம் இருக்கான்னு முதல்ல பார்ப்போம்." கீபோர்டில் மௌஸைத் தொடாமல் என்னவோ தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். திரையை என் பக்கம் திருப்பி, ஒரு வரியில் பேனா முனையை வைத்தார். "எக்ஸ் கிளாஸ்ல, அதான் மைல்ஸ் சீட்டுல, ரெண்டு இருக்கு. இப்பவே போன் போடுங்க."

அப்புறம் லக்கேஜில் கட்டும் பெயர்ச்சீட்டு ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுதித் தந்தார்: விமான எண், 16, எக்ஸ். அதன் கீழே, முதலில் புது செக்மென்ட், ஹெச்கே வந்ததா என்று கேட்கவும், பிறகே பழையது ரத்து, கடைசியில் ரீஇஷ்யூ. செக்மென்ட் என்றால் பயணத்தில் ஒரு விமானம், ஹெச்கே என்றால் இடம் உறுதியாகிவிட்டது, ரீஇஷ்யூ என்றால் டிக்கெட்டைப் புதிதாகப் போட்டுத் தருவது என்று அர்த்தமாம். இதே வரிசையை நான் போனில் படித்துக் காட்டியதும் அமெரிக்கக் குரலின் தொனியே மாறியது. பழக்கமான பாஷை கேட்ட மாதிரி 'ஒரு நிமிடம்' என்றார். கொஞ்ச நேரத்தில் ஆப்பில் 16 வந்துவிட்டது.

அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். நன்றி சொல்ல மறுநாள் போனபோது அவர் திரும்பவும் திரையைப் பார்த்தார். "புக்கிங் 16 சார், டிக்கெட் இன்னும் 15-லதான் இருக்கு." ஆப் காட்டுவது புக்கிங்கை. விமான நிலையத்தில் பார்ப்பது டிக்கெட்டை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் போர்டிங் பாஸ் அடிக்காது. 13 இலக்க டிக்கெட் எண்ணில் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்துடையது. தேதி மாறினால் பெரும்பாலும் புது எண்ணே வர வேண்டும். என் ஆப்பில் பழைய எண்தான் இருந்தது. பிஎன்ஆர் என்னும் ஆறு எழுத்து புக்கிங் குறியீடும் இரண்டு நிறுவனத்துக்கும் வேறு வேறு. ஓட்டுகிறவர்களின் பிஎன்ஆரைக் கேட்டு வாங்கி, அவர்கள் தளத்தில் டிக்கெட் எண்ணோடு சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவில் யாருமே இதை எனக்குச் சொல்லவில்லை. புன்னகையோடு 'வேறு ஏதாவது உதவி வேண்டுமா' என்று மட்டும் கேட்டார்கள்.

மறுபடி மொட்டை மாடி, மறுபடி காத்திருப்பு இசை. ரீஇஷ்யூ ஆகிப் புது எண் வந்தது. அதை அந்த அம்மாவுக்குப் போய்க் காட்டினேன். டோக்கன் இயந்திரம் அன்றைக்கும் வேலை செய்யவில்லை, முழங்கை வழக்கம்போல. அவர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, "வீல்சேர் கேட்டிருந்தீங்களா?" என்றார். கேட்டிருந்தேன். தேதி மாற்றியதில் அது உதிர்ந்துவிட்டிருந்தது. டிக்கெட்டைத் தொட முடியாதென்றாலும், தங்கள் விமானத்துக்கு வீல்சேர் போடுவது அவர்களால் முடியும். என்னிடம் கேட்காமலே போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பக்கத்துப் பக்கத்து சீட்டுதான் இன்னும் கிடைக்கவில்லை. இரண்டும் தனித்தனி புக்கிங் என்பதால் செக்-இன்னில்தான் கேட்க வேண்டுமாம்.