பாஸ்கெட்பாலில் கார்டு இடத்தில் ஆடும் பிள்ளைக்கு எது முதலில்: செஸ்ட் பாஸா, ஒரு கை புஷ் பாஸா?

என்னிடம் பாஸ்கெட்பால் பழகும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளில், பந்தைக் கொண்டுபோகிற கார்டுகளுக்கு மட்டும் இந்த சீசனிலிருந்து பந்தைத் தரையில் தட்டும்போதே ஒரு கையால் தள்ளிவிடும் புஷ் பாஸை முதலில் வைத்துவிட்டேன். நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளும் செஸ்ட் பாஸ் அதற்கு அப்புறம்தான். பெற்றோர் சிலர் ஏன் என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி.

தரையில் ஒரு தடவை தட்டி அனுப்பும் பவுன்ஸ் பாஸும் தலைக்கு மேலிருந்து வீசும் ஓவர்ஹெட் பாஸும் இந்த ஒப்பீட்டில் இல்லை. பவுன்ஸ் பாஸ் கூடையை நோக்கி உள்ளே பாய்ந்து வருகிறவனுக்கு அருமை, ஆனால் மெதுவாகப் போகும், சிமென்ட் கோர்ட்டில் மணல் கிடந்தால் எப்படி எழும்பும் என்றே சொல்ல முடியாது. ஓவர்ஹெட் உயரமான பிள்ளைக்கு உதவும், கார்டு பெரும்பாலும் டீமிலேயே குள்ளமான பிள்ளை.

செஸ்ட் பாஸின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேராகப் போகும், வேகம் இருக்கும், வாங்குகிறவனுக்குப் பிடிக்க எளிது. எதிரே ஆள் இல்லாத ஃபாஸ்ட் பிரேக்கில், அதாவது எதிரணி திரும்பி வருவதற்குள் பாய்ந்து போகும் தாக்குதலில், இதைவிட நல்ல பாஸ் கிடையாது.

ஆனால் கார்டுக்கு எதிரே எப்போதும் ஆள் இருப்பான். செஸ்ட் பாஸ் போட முதலில் டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை, நிறுத்தி, பந்தை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த நொடியில் டிஃபெண்டருக்கு, எதிரே தடுத்து நிற்கிறவனுக்கு, இரண்டு விஷயம் தெரிந்துவிடுகிறது: இவன் இனி டிரிபிள் பண்ண முடியாது, பந்து நடுநெஞ்சிலிருந்துதான் வரப்போகிறது. ஒரு மீட்டருக்குள் ஒட்டி நின்று கையை விரித்தால் 5 விநாடி விதி வேறு ஓட ஆரம்பித்துவிடும், அதற்குள் பந்தைக் கையிலிருந்து விட்டாக வேண்டும். சின்னப் பிள்ளைகளின் டர்ன்ஓவரில் (பந்தை எதிரணியிடம் இழப்பதில்) பெரும்பங்கு தப்பான பாஸால் வருவதில்லை என்பது என் எண்ணம், பாஸ் போட இடம் பார்ப்பதற்கு முன்பே பந்தைக் கையில் எடுத்துவிடுவதால் வருகிறது.

புஷ் பாஸில் அந்த இடைவெளியே இல்லை. பந்து தரையிலிருந்து எழும்பி வரும்போதே கை அதன் பின்னால் போய் அப்படியே தள்ளிவிடுகிறது. பந்து புறப்படுவதும் தோளுக்கு வெளியே இருந்து, அதனால் டிஃபெண்டரின் காதுக்குப் பக்கத்திலோ கைக்கு அடியிலோ வழி கிடைக்கும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இது: போடப் போகும் நேரத்தில் வழி அடைபட்டால், கை இன்னும் பந்தின் மேலேயே இருந்தால், மறுபடியும் தரையில் தட்டிக்கொண்டு நகர்ந்துவிடலாம். கை அடியில் போய் பந்து உள்ளங்கையில் தங்கிவிட்டால் டிரிபிள் முடிந்தது, அதன் பிறகு தட்டினால் டபுள் டிரிபிள் என்ற விதிமீறல், பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே பாஸைச் சொல்லிக் கொடுக்கும்போதே கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் அதிக அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) சாதனை இன்றும் ஜான் ஸ்டாக்டன் என்ற கார்டுடையது, 15,806. ஆள் 6 அடி 1 அங்குலம்தான். அவருடைய ஆட்டத்தையும் இன்னொரு என்.பி.ஏ. கார்டான ஸ்டீவ் நாஷ் ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், டிரிபிளிலிருந்து நேராக ஒரு கையால் தள்ளுகிற பாஸ் எத்தனை தடவை வருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தூரம் போகாது, இந்த வயதில் ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் பந்து தொங்கிவிடும், கோர்ட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஆசைப்பட்டால் இடையில் பறிபோகும். பக்கவாட்டில் சுழன்று வருவதால் வாங்குகிறவனும் பழக வேண்டும். இடது கை பெரிய தலைவலி. வலது கையில் மட்டும் வரும் கார்டை இரண்டாவது குவார்ட்டருக்குள் எதிரணி வலது பக்கம் அடைத்துவிடும், அதனால் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு இடது கையால் தினமும் தள்ள வைக்கிறேன். நாலு நாள் விட்டால் குறி தவறுகிறது. செஸ்ட் பாஸுக்கு இவ்வளவு பராமரிப்பு வேண்டாம், அது உண்மை.

பந்தின் அளவையும் பாருங்கள். சைஸ் 7 பந்து 600 கிராம் பக்கம் வரும், சைஸ் 5 சுமார் 500 கிராம்தான். பள்ளியில் சைஸ் 7 மட்டுமே இருந்து, பிள்ளைக்கு 11 வயது என்றால் செஸ்ட் பாஸையே முதலில் வையுங்கள், மணிக்கட்டு தாங்காது. சைஸ் 6 பந்தில் ஆடும் பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. பத்து வயதுக்குக் கீழே நான் அதிகம் பழக்கியதில்லை, அங்கே என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விங்கிலும் (கோர்ட்டின் பக்கவாட்டில்) போஸ்ட்டிலும் (கூடைக்கு அருகில்) ஆடும் பிள்ளைகளுக்கு நான் எதையும் மாற்றவில்லை. அவர்கள் பந்தை நின்று வாங்கி நின்று கொடுக்கிறவர்கள், செஸ்ட் பாஸே போதும்.