25 ட்ரில் உள்ள பெட்டியில் 6.8 இல்லை

கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பேஸ் பிளேட், பிராக்கெட் மாதிரி வேலைகள். இரண்டு மாதத்துக்கு முன்பு ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு ஒரு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) ட்ரில் செட் வாங்கினேன். இரும்புப் பெட்டி, 1 எம்.எம். முதல் 13 வரை அரையரையாக ஏறும் 25 ட்ரில். கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அரையரையாக ஏறும் எல்லாப் பெட்டிக்கும் உண்டு.

பொருள் மோசமில்லை. மைல்டு ஸ்டீலில் பிசிறு சுருள் சுருளாக வருகிறது, முனை சீக்கிரம் மழுங்கவில்லை. வெறும் ஓட்டை போடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

வம்பு டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) போடும்போதுதான். மரைக்கு முன் என்ன ஓட்டை என்பதற்குப் பட்டறைக் கணக்கு சுலபம்: போல்ட் அளவில் பிட்சை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியை, கழிக்க வேண்டும். எம் 6-க்கு, அதாவது 6 எம்.எம். போல்ட்டுக்கு, பிட்ச் 1, ஓட்டை 5. எம் 10-க்கு பிட்ச் 1.5, ஓட்டை 8.5. சரி, இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. எம் 8-க்கு பிட்ச் 1.25, கழித்தால் 6.75, போடுவது 6.8. எம் 4-க்கு 3.3, எம் 5-க்கு 4.2, எம் 12-க்கு 10.2. இந்த நாலும் பெட்டியில் கிடையாது. எம் 8 போடாமல் எந்தப் பட்டறையில் ஒரு நாள் ஓடும்?

போன மாதம் 12 எம்.எம். கனத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் பிளேட், எம் 8-க்கு எட்டு மரை. "ஏனுங்ண்ணா, ஆறரை போட்டா மரை ஆழமா நிக்குமில்லீங்க?" என்று பையன் கேட்டான். ஏதோ ஞாபகத்தில் தலையாட்டிவிட்டேன். மூன்றாவது ஓட்டையில் டேப் டக்கென்று உள்ளேயே முறிந்தது. அதை எடுக்க, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மிஷினுக்கு அனுப்பியதில் ஒரு நாள் போச்சு.

6.8 போட்டால் மரைப் பல்லின் முழு ஆழத்தில் முக்கால் பங்கு கிடைக்கும், 6.5 போட்டால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்த அதிக ஆழத்தால் பிடிமானம் பெரிதாகக் கூடிவிடாது. டேப்பைத் திருப்பும் பாரம்தான் ஏறும், ஸ்டெயின்லெஸ்ஸில் கேட்கவே வேண்டாம். மீதி ஐந்து ஓட்டைகளை 7-ல் போட்டு, கட்டிங் ஆயில் விட்டு, அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பி முடித்தேன். ஆழம் அறுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கனத்துக்கு அது போதும். மெல்லிய தகட்டில் இந்த 7 வேலைக்கு ஆகாது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த நாலு அளவும் சேர்ந்த பெட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், அப்படியும் வருகிறது. நான் நாலையும் உதிரியாக வாங்கி 3.5, 4.5, 7, 10.5 குழிகளில் சொருகிவிட்டேன். கொஞ்சம் ஆடுகின்றன. அங்கே இருந்த நாலும் இப்போது மேஜை டிராயரில்.