எட்டு டிராக்கா, எட்டு மைக்கா? தனி மல்டிடிராக் ரெக்கார்டர்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மல்டிடிராக் ரெக்கார்டர் (ஒவ்வொரு கருவியையும் குரலையும் தனித் டிராக்காகப் பதிந்து, பிறகு கலக்க உதவும் பெட்டி) வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்தான். 8, 24, 32. எண் பெரிதாக இருந்தால் மெஷினும் பெரிது என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்த எண் சொல்வது, ஒரு பாட்டில் மொத்தம் எத்தனை டிராக்குகளை அடுக்கிக் கேட்கலாம் என்பதை மட்டுமே. ஒரே நேரத்தில் எத்தனை டிராக் பதிவாகும் என்பது வேறு எண். அது விவரப் பட்டியலில் எங்கோ கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

ஸூம் ஆர்8-ல் எட்டு டிராக் உண்டு. ஒரே நேரத்தில் பதிவாவது இரண்டு. டாஸ்காம் டிபி-32எஸ்டி-யில் 32 டிராக். ஒரே நேரத்தில் எட்டு. ஸூம் எல்-12 லைவ்டிராக் வெறும் 12 சேனல் மிக்ஸர் என்றுதான் பெயர். ஆனால் அந்தப் பன்னிரண்டையும், கூடவே ஸ்டீரியோ மாஸ்டரையும் சேர்த்து 14 டிராக்காக ஒரே மூச்சில் பதிவு செய்துவிடும். 32 என்று போட்டிருக்கும் பெட்டியைவிட 12 என்று போட்டிருக்கும் பெட்டியில் ஒரே நேரத்தில் அதிக டிராக் பதியலாம் என்பது முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஒரே நேரத்தில் எத்தனை?"

வீட்டில் தனி ஆள்

ஒருவரே கிதார் வாசித்து, அதன் மேல் பேஸ், அதன் மேல் குரல் என்று ஓவர்டப் செய்பவருக்கு இரண்டு உள்ளீடு தாராளம். இந்த வகையில் மூன்று மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஸூம் ஆர்8, ஸூம் ஆர்4. மூன்றும் கைக்கு அடக்கமானவை, நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுபவை, உள்ளேயே மைக் வைத்திருப்பவை.

டிபி-008இஎக்ஸ் பழைய கேசட் போர்ட்டாஸ்டுடியோவின் நேரடி வாரிசு. 1979-ல் டாஸ்காம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியலாம் என்று காட்டிய மெஷின். அந்த மனப்போக்கு இதில் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனித் திருகு. மெனுவுக்குள் மூழ்க வேண்டிய வேலை குறைவு. ஆனால் பதிவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான். தாளத்துக்கு மெட்ரோனோம் இருக்கிறது, டிரம் மெஷின் இல்லை. எலக்ட்ரிக் கிதாரை நேரே செருகினால் ஆம்ப் ஓசையும் கிடைக்காது. வெளியே ஒரு பெடல் வேண்டும்.

ஆர்8 இதற்கு நேர் எதிர். டிரம் மெஷின், சாம்ப்ளர் (பதிந்த ஒலித் துண்டுகளை வாசிக்கும் வசதி), கிதார் ஆம்ப் எஃபெக்ட்டுகள் என்று எல்லாமே உள்ளே. பதிவும் 24 பிட்டில். பாட்டு எழுதும்போது தாளம் வேண்டும் என்பவருக்கு இதுதான் சரி. ஆனால் இத்தனையையும் ஒரு சின்னத் திரைக்குள் அடைத்திருக்கிறார்கள். டிரம் பேட்டர்ன் ஒன்றைத் தொகுக்க உட்கார்ந்தால், வந்த ராகம் மறந்துபோக வாய்ப்பு உண்டு.

ஆர்4 புதிய தலைமுறை. நான்கு டிராக்தான். நிரம்பியதும் அவற்றை ஒன்றாகக் கலந்து தனி பவுன்ஸ் டிராக்குக்கு அனுப்பிவிட்டு மறுபடி தொடங்கலாம். கேசட் காலத்து உத்தியேதான், ஆனால் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும் தொல்லை இல்லை. இதன் பெரிய பலம் 32 பிட் ஃப்ளோட் பதிவு. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு 16 பிட்டுக்குக் கணக்குப்படி சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144. 32 பிட் ஃப்ளோட்டில் இந்த எல்லை நடைமுறையில் மறைந்தே போகிறது. பதிவு அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தாலும், குறைத்து வைத்திருந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்த பிட்டும் காப்பாற்றாது. டிரம்முக்கு ஒட்டி வைத்த கண்டென்சர் மைக் தானே கிழிந்து ஒலித்தால், அந்தக் கிழிசல் சுத்தமாக 32 பிட்டில் பதிவாகும், அவ்வளவுதான்.

என் தேர்வு? குரலும் அகூஸ்டிக் கிதாரும் மட்டும் என்றால் ஆர்4. தாளமும் ஆம்ப் ஓசையும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால் ஆர்8. டிபி-008இஎக்ஸை மெனு பிடிக்காதவருக்கு மட்டும் சொல்வேன்.

ஒத்திகை அறை

இங்கேதான் கணக்கு மாறுகிறது. நான்கு பேர் குழுவை எடுத்துக்கொள்வோம். டிரம்முக்குக் குறைந்தபட்சம் நான்கு மைக்: கிக், ஸ்னேர், மேலே இரண்டு. பேஸ் ஒன்று, கிதார் ஒன்று, குரல் ஒன்று. ஏழு ஆயிற்று. கீபோர்டை ஸ்டீரியோவில் எடுத்தால் ஒன்பது. எட்டு உள்ளீட்டு மெஷின் இங்கேயே முட்டிக்கொள்கிறது. கீபோர்டை மோனோவாக்கினால் சரியாக எட்டு. ஆனால் இரண்டாவது குரல் பாட ஆசைப்பட்டால் இடமில்லை.

அப்படியானால் எட்டு உள்ளீட்டு மெஷின்கள் வீணா? இல்லை. டாஸ்காம் டிபி-24எஸ்டி, டிபி-32எஸ்டி, ஸூம் ஆர்20 மூன்றும் ஒத்திகையில் அடித்தளத்தை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மேலே மேலே அடுக்கும் குழுவுக்குப் பொருத்தம். இவற்றில் ஆர்20-க்குத் தொடுதிரை இருக்கிறது. அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து வெட்டி ஒட்டலாம். டிபி வகையில் அதே வேலைக்குத் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் குறித்துத்தான் வெட்ட வேண்டும். பொறுமைசாலிகளுக்குப் பழகிவிடும்.

பழைய ஸூம் ஆர்16, ஆர்24 இன்னும் இரண்டாம் கையில் சுற்றுகின்றன. எட்டு உள்ளீடு, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், மின் இணைப்பு இல்லாத இடத்திலும் பதியலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஆர்16-ல் கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபாண்டம் பவர் இரண்டு உள்ளீடுகளுக்கு மட்டும்தான். டிரம்முக்கு மேலே தொங்கும் இரண்டு மைக் அதை எடுத்துக்கொண்டால், பாடகரின் கண்டென்சருக்கு எதுவும் மிஞ்சாது. ஃபேடரும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியும்) எட்டுதான். ஆர்16-ல் இரண்டு பேங்க் (எட்டெட்டு டிராக்காகப் பிரித்த தொகுப்பு), ஆர்24-ல் மூன்று பேங்க் மாற்றி மாற்றித்தான் மற்ற டிராக்குகளைத் தொட முடியும். பேங்க் மாறியதும் ஃபேடர் நிற்கும் இடத்துக்கும் உண்மையான அளவுக்கும் தொடர்பு இருக்காது.

இதையெல்லாம்விட ஒத்திகையில் சண்டை வருவது ஹெட்போன் விஷயத்தில்தான். டிரம்மருக்கு பேஸ் வேண்டும், பாடகருக்குத் தன் குரல் வேண்டும், கிதார்காரருக்குத் தன்னைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். எல்-12 இங்கே மற்ற எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. ஐந்து ஹெட்போன் வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கலவை. இன்னும் சிறிய எல்-8-ல் நான்கு, பெரிய எல்-20-ல் ஆறு. ஒத்திகை அறையில் ஸ்பீக்கரே இல்லாமல் எல்லோரும் ஹெட்போனில் வாசித்தால் மைக்குகளுக்கிடையே கசிவும் குறையும்; பதிவு தானாகவே தெளியும்.

இதற்குப் போட்டி டாஸ்காம் மாடல் 12. பத்து உள்ளீடு, அதோடு மெயின் ஸ்டீரியோ, மொத்தம் 12 டிராக் பதிவு. பெரிய மாடல் 16, மாடல் 24 இரண்டும் இதே குடும்பம். அறை பெரிதாக இருந்தால் பார்க்கலாம். மாடல் வகையில் எனக்குப் பிடித்த ஒன்று, சமிக்ஞை போகும் பாதை. ஒற்றைத் திருகு கம்ப்ரஸரை (உரத்த ஒலியை அமுக்கிச் சமன் செய்வது) தாண்டியதும் பதிவு எடுக்கப்படுகிறது; ஈக்யூவும் (பேஸ், ட்ரெபிள் போன்றவற்றைக் கூட்டிக் குறைப்பது) ஃபேடரும் அதற்குப் பிறகு. அதாவது அறையில் கேட்பதற்காக ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் கார்டில் பதிவானது கெடாது. பிளேபேக்கில் அதே ஈக்யூ திருகுகளை வைத்து நிதானமாகக் கலக்கலாம். ஆனால் கம்ப்ரஸரை அளவுக்கு மீறித் திருகினால் அது பதிவோடு ஒட்டிக்கொள்ளும். ஒத்திகையில் அதைச் சும்மா விட்டுவிடுவதே நல்லது.

கார்டிலிருந்து வெளியே

விளம்பரங்களில் யாரும் பேசாத விஷயம் இது. பெரும்பாலானவர்கள் கடைசியில் டிராக்குகளைக் கணினிக்கு எடுத்துப் போய்த்தான் கலக்கிறார்கள். அந்தப் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதில் மெஷினுக்கு மெஷின் நிறைய வித்தியாசம்.

டாஸ்காம் டிபி வகை, எஸ்டி கார்டை இரண்டு பிரிவாகப் பிரிக்கிறது. பதிவு போய்ச் சேர்வது மெஷினுக்கு மட்டும் புரியும் பிரிவில். கணினி பார்க்கக்கூடியது இன்னொரு பிரிவை மட்டும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் டிராக்குகளை முதலில் வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, பிறகுதான் கணினியில் நகல் எடுக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு இது பெரிய வேலை இல்லை. இரண்டு மணி நேர ஒத்திகையில் எட்டு டிராக் என்றால், ஒத்திகை முடிந்த பிறகும் ஒருவர் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஸூம் ஆர், எல் வகைகளும் டாஸ்காம் மாடல் வகையும் நேரே வேவ் கோப்பாகவே எழுதுகின்றன. கார்டை உருவிக் கணினியில் செருகினால் போதும். ஒத்திகைக்காகவே வாங்குபவர் டிபி வகையைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரோலண்ட் விஎஸ்-880 மாதிரி ஹார்ட் டிஸ்க் காலத்து மெஷின்களை எடுக்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக. 1996-ல் வந்த அந்த மெஷின் பதிவுகளை ரோலண்டின் சொந்த வடிவத்தில் வைக்கிறது. இன்றைய கணினிகளில் காணாத பழைய ஸ்கஸி இணைப்பு வேறு. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே போன பாட்டை வெளியே எடுப்பது பெரும்பாடு.

கணினியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இருக்கையில் இந்தப் பெட்டிகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இவற்றில் பலவும் இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும்: மாடல் 12 யூஎஸ்பியில் 12 உள்ளே 10 வெளியே, எல்-12 14 உள்ளே 4 வெளியே. ஆக, ஒன்றை வாங்கினால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். லேட்டன்சி (வாசிப்பதற்கும் காதில் கேட்பதற்கும் நடுவே வரும் தாமதம்) தொல்லை இல்லை, இடையில் ஏதோ அப்டேட் என்று திரை நிற்பதில்லை என்பது தனி மெஷினின் பக்கம் உள்ள வாதம்.

வீடு, ஒத்திகை இரண்டுக்கும் ஒரே பெட்டி என்றால் போட்டி கடைசியில் மாடல் 12-க்கும் எல்-12-க்கும் நடுவில்தான். மாடல் 12-ல் ஒவ்வொரு சேனலுக்கும் ஈக்யூ திருகு கண்முன்னே இருக்கும். மிடி இணைப்பும் உண்டு. டிரம் மெஷினையோ சிந்தஸைசரையோ ஒத்திசைத்து ஓட்டுபவருக்கு அது அவசியம். எல்-12-ல் சேனலைத் தேர்ந்தெடுத்துப் பொதுத் திருகுகளால் ஈக்யூ செய்ய வேண்டும், மிடி இல்லை. ஆனால் ஒன்பது சீன்களைச் சேமித்து, அடுத்த வாரம் அதே அமைப்பை ஒரு பட்டனில் கொண்டுவரலாம். உள்ளே வரும் ஒலியின் அளவை வைக்கும் கெய்ன் திருகுகள் மட்டும் சீனில் சேராது. அவற்றின் இடத்தை ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் கூடும் குழுவுக்கு எல்-12. பெரும்பாலும் வீட்டில் தனியாக, எப்போதாவது குழுவோடு என்பவருக்கு மாடல் 12.

எதை எடுத்தாலும் கார்டு கணக்கு ஒன்றுதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி. எட்டு டிராக் ஒரு மணி நேரத்துக்கு நான்கு ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். 32 ஜிபி கார்டில் ஏழு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மெஷின் தயாரிப்பாளர் சோதித்துப் பட்டியலிட்ட கார்டாகப் பார்த்து இரண்டாக வாங்கி, ஒத்திகைக்கு முன் மெஷினிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள்.