மகளின் தலையில் ஏற்றிய ஊசி: மட்டக்களப்பில் தழும்பு வைத்தியத்துக்குப் போக இருப்பவர்களுக்கு

"தழும்பை இல்லாமலாக்கி, அந்த இடத்தில் முடியும் முளைக்க வைப்போம்" என்று சொல்லி மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மேல்மாடியில் எங்களிடம் 140,000 ரூபாய் வாங்கினார்கள். இன்று மகளின் தலையில் முன்பிருந்ததை விடப் பெரிய தழும்பு இருக்கிறது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை எழுதுகிறேன். அதே பேச்சை நீங்கள் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

நாங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம். மகளுக்கு 3 வயதில், அடுப்படியில் வடித்து வைத்திருந்த சுடுகஞ்சியை இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இடது காதுக்கு மேலே பிள்ளையின் உள்ளங்கை அளவுக்குத் தோல் மினுங்கிக்கொண்டு, ஒரு முடியும் இல்லாமல் ஆறியது. பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அதை மறைக்கிற மாதிரி வகிடெடுத்துப் பின்னிவிட்டேன். இப்போது அவளுக்கு 21 வயது. கலியாணப் பேச்சோடு வந்த ஒரு மாமி, "இதென்ன கா தலையில?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்குக்கூட வருவதில்லை. ஏன் இவ்வளவு அவசரப்பட்டாய் என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் தலை சீவுகிற பிள்ளையோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

அங்கே வெள்ளை அங்கி போட்ட ஒருவர். எல்லோரும் அவரை "டொக்டர்" என்றே கூப்பிட்டார்கள். தொலைபேசியில் ஒரு எலியின் படத்தைக் காட்டினார். ஒரு காயம் வெறும் தழும்பாக ஆறியிருந்தது, மற்றக் காயத்தில் மயிர் முளைத்திருந்தது. "அமெரிக்காவில ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில கண்டுபிடிச்சது அம்மா, அதே மருந்துதான் எங்களிட்ட இருக்கு. நாலு தடவை ஏத்தினாச் சரி" என்றார். ஒரு தடவைக்கு 35,000 ரூபாய். நாலுக்கும் முற்பணமாகக் கட்டச் சொன்னார்கள். என் சங்கிலியை ஈடு வைத்தேன், மிச்சத்துக்குச் சீட்டுக் காசை எடுத்தேன்.

தழும்பை ஊசி உருளையால் இரத்தம் கசியும்வரை குத்தினார்கள். பிறகு ஒரு சின்னப் போத்தலிலிருந்து மருந்தை எடுத்து அதற்குள் ஏற்றினார்கள். போத்தலில் லேபல் இல்லை. உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உச்சி வெயிலில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். வெயிலைப் பற்றி ஒரு சொல்கூட யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை ஏற்றி ஐந்தாம் நாள் தலை வீங்கியது. "அம்மா, உள்ளுக்குள்ள எரியுது" என்று இரவெல்லாம் அழுதாள். தொலைபேசி எடுத்தால், "மருந்து வேலை செய்யுது, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். மறுகா சீழ் வந்தது. போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே தோல் கிளினிக்கில் இருந்த வைத்தியர் எங்களை ஏசவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் கீறிக் காட்டி விளங்கப்படுத்தினார். அந்த எலிப் படம் பொய்யில்லையாம். ஸ்டான்ஃபோர்டில் செய்த அந்த ஆய்வு 2021இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்ததாம். காயம் ஆறும்போது தோல் இழுபடுவதை ஒருவகைக் கலங்கள் உணர்ந்து தழும்பைப் போடுகின்றன. வெர்டிபோர்பின் என்ற மருந்து அந்த உணர்வைத் தடுக்கிறது. அதனால் எலியின் தோல் மயிரோடும் சுரப்பிகளோடும் பழையபடி ஆறியிருக்கிறது. "ஆனா அம்மா, அது எலிக்கு. அதுவும் புதுசா வெட்டின காயத்தில ஏத்தினது. உங்கட மகளுக்குத் தழும்பு விழுந்து 18 வருசம். தழும்பு வராமத் தடுக்கிற மருந்து, வந்த தழும்பை எடுக்காது."

முடியின் வேர்ப்பைகள் நாங்கள் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன, பிறந்த பிறகு மனிதருக்குப் புதிதாக உண்டாவதில்லை என்றும் சொன்னார். ஆனால் எலியில், பெரிய காயம் ஆறும்போது நடுவில் புது வேர்ப்பைகள் முளைத்ததைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 2007இலேயே கண்டிருக்கிறார்கள். சுட்ட இடத்தில் வேர்ப்பையே அழிந்துவிட்டால் எந்த எண்ணெயும் ஊசியும் அங்கே முடியைக் கொண்டுவராது. பிரசவத்துக்கும் கடும் காய்ச்சலுக்கும் பிறகு கொட்டுகிற முடி வேறு. அதற்கு வேர் இருக்கிறது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாக வளரும்.

பிறகு நான் அந்தப் போத்தலைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "நிறமில்லாமலா இருந்தது? வடிவா ஞாபகமா?" என்று இரண்டு தரம் கேட்டார். வெர்டிபோர்பின் கண்ணின் விழித்திரை நோய்க்கு இரத்த நாளத்தில் ஏற்றுகிற மருந்தாம். கரைத்தால் கரும்பச்சையாக இருக்குமாம். வெளிச்சம் பட்டால் வேலை செய்கிற சாமான் என்பதால், கண்ணுக்காக ஏற்றிக்கொண்டவர்களை 5 நாளைக்கு வெயிலில் போக விடமாட்டார்களாம். அப்படியென்றால் என் பிள்ளையின் தலைக்குள் போனது அந்த மருந்துகூட இல்லை. அது என்னவென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

காசைத் திருப்பிக் கேட்டுப் போனபோது பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் "அழகுப் பராமரிப்பு" என்றுதான் எழுதியிருந்தது. மருத்துவம் என்ற சொல்லே இல்லை. அந்த "டொக்டர்" பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவில் தேடுவித்தேன், இல்லை. இதைப் போகமுதல் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து விபரம் கொடுத்தோம், எழுத்திலும் முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம்.

எனக்கு மிகவும் நோகிற விடயம் வேறு. சுட்ட தழும்புக்கு வழி இல்லாமல் இல்லை. பின்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து நடலாம், அல்லது தழும்பை வெட்டி எடுத்துச் சுற்றியிருக்கிற தோலை இழுத்துத் தைக்கலாம் என்றார் வைத்தியர். முதலிலேயே வந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார்கள். இப்போது சீழ் பிடித்ததில் தழும்பைச் சுற்றி ஒரு விரலளவு நல்ல முடியும் போய்விட்டது. புண் ஆறி, புதுத் தழும்பு இறுகுவதற்கு ஒரு வருடமாவது பொறுக்க வேண்டுமாம்.

இதே மாதிரி எலிப் படம் காட்டி யாருக்காவது ஊசி ஏற்றியிருந்தால், வீக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். பற்றுச்சீட்டைக் கிழிக்க வேண்டாம். அவர்கள் தந்த போத்தலோ களிம்போ வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. உங்களிடம் இருக்கிறதைச் சோதித்தால், என் மகளுக்கு ஏற்றியது என்னவென்றும் தெரியவரலாம்.