வெட்பாலைத் தைலம்: மூன்று வருடம் பூசியவள் எழுதுகிறேன்

எனக்கு சொரியாசிஸ் என்ற தோல் நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வெட்பாலை மர இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து எடுக்கிற வெட்பாலைத் தைலம் பூச ஆரம்பித்து மூன்று வருடம். இந்தத் தைலத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரே மாதத்தில் அடியோடு போய்விடும் என்பார் ஒருவர். அது வெறும் தேங்காய் எண்ணெய்தானே என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். ரவிக்கைதான் அதிகம். துணி வெட்டும்போது இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்றியபடியே இருக்கும். முதலில் இடது முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடிப்பு வந்தது. அதன் மேல் வெள்ளி மாதிரி செதில். சொறிந்தால் பொலபொலவென்று உதிரும். கறுப்புத் துணி தைக்கிற நாளில் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருப்பேன். அளவு கொடுக்க வந்த ஓர் அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த துணியைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் சித்திரை வெயிலிலும் எனக்கு முழுக்கை ரவிக்கைதான். இது தொற்றுகிற நோயே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால் தோல் அவசர அவசரமாக வளர்ந்து உதிர்கிறது, அவ்வளவுதான். தொட்டாலும் ஒட்டாது, துணி வழியாகவும் ஒட்டாது.

தோல் டாக்டர் கொடுத்த களிம்பு நன்றாகவே கேட்டது. ஆனால் நிறுத்தினால் திரும்ப வந்தது. என் மைனிதான் (அண்ணி) ஒருநாள் கையைப் பிடித்து இங்கேயுள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். 1964இல் ஆரம்பித்த கல்லூரி. பக்கத்திலேயே குடியிருந்தும் நான் உள்ளே போனதில்லை. வரிசையில் நின்றவர்களில் பலர் கையில் தைலம் வாங்கிக்கொள்ளக் காலி பாட்டில். எனக்கு அது தெரியாததால் மைனி வெளியே ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்தாள். சீட்டில் காளாஞ்சகப்படை என்று எழுதினார்கள். நம் வைத்தியத்தில் இந்த நோய்க்கு அதுதான் பெயர். உள்ளுக்கு பரங்கிப்பட்டைச் சூரணம், மேலுக்கு வெட்பாலைத் தைலம்.

அங்கே இருந்த டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டதும், "முதல்ல முழங்கைய ஊன்றுறத நிறுத்துங்கம்மா. உரசுற இடத்துலயும் காயம் படுற இடத்துலயும்தான் இது புதுசா கிளம்பும்" என்றார். ஆறு வருடமாக எனக்கு யாரும் சொல்லாத விஷயம். அன்றைக்கே பழைய போர்வையை நான்காக மடித்து மேஜை ஓரத்தில் தைத்துவிட்டேன்.

தைலத்தைப் பாட்டிலில் பார்த்தால் கறுப்பு. உள்ளங்கையில் ஊற்றினால் நாவல்பழச் சாறு மாதிரி ஊதா. தேங்காய் எண்ணெய் வாசனைதான் முன்னால் வரும், பின்னால் லேசாகப் பச்சிலை வாசம். காலையில் பூசி, இளவெயிலில் கால்மணி நேரம் மாடியில் நிற்கச் சொன்னார்கள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் வாக்கில் அரிப்பு அடங்கி இரவு முழுக்கத் தூங்கினேன். செதில் ஊறி, குளிக்கும்போது தானாகவே கழன்றது. தடிப்பு இறங்க இரண்டு மாதம் பிடித்தது. தலையில் இருந்த படை முழங்கைக்கு முன்னாலேயே அடங்கிவிட்டது. முட்டியில் இருப்பது இன்னும் முழுசாகப் போகவில்லை. நகத்தில் விழுந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. மார்கழி பனியில் எல்லாமே கொஞ்சம் கிளம்பும், மாசியில் அடங்கும். சூரணத்துக்கும் போர்வைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் பூசாமல் விட்ட வாரங்களில் அரிப்பு திரும்பியதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இடையில் ஒருமுறை நேரம் இல்லாமல் வெளியே ஒரு கடையில் 180 ரூபாய்க்கு ஒரு பாட்டில் வாங்கினேன். அட்டையில் வெட்பாலை படம். உள்ளே பச்சை நிற எண்ணெய், கூடவே மல்லிகை சென்ட். இருபது நாள் பூசியும் பலன் இல்லை. பட்ட இடமெல்லாம் எரிச்சல் வேறு. அதிலிருந்து நிறத்தைப் பார்க்காமல் வாங்குவதில்லை. கடையில் பரவலாகக் கிடைக்கிற 777 ஆயிலும் வெட்பாலை இலையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்ததுதான். அவசரத்துக்கு அதை வாங்குவேன்.

மற்றபடி நானே போட்டுக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் மைனியின் அம்மா ஊரில் ஒரு பொத்தை, அதாவது சின்னக் குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் மூன்று மரம். ஊரில் வெப்பாலை என்பார்கள். மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. காய் நீளமாக இரட்டை இரட்டையாகத் தொங்கும், பிஞ்சில் நுனி இரண்டும் ஒட்டியிருக்கும். இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடசப்பாலை என்று இன்னொரு மரம் உண்டு, அதையும் சிலர் வெட்பாலை என்றே சொல்கிறார்கள். அதன் பட்டை வயிற்றுப்போக்குக்கு ஆகும், இந்தத் தைலத்துக்கு ஆகாது.

இலையைத் துடைத்து, கத்தி படாமல் கையாலேயே கிள்ளிப் போட வேண்டும். கிள்ளிய இடத்தில் பால் வடியும். கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி இலை, அது மூழ்கும்வரை செக்குத் தேங்காய் எண்ணெய். அடுப்பே வேண்டாம், வெயில்தான் அடுப்பு. முதல் நாள் எண்ணெய் அப்படியே தெளிவாக இருக்கும். இரண்டாம் நாள் மத்தியானம் கிள்ளிய ஓரங்களைச் சுற்றிப் புகை மாதிரி ஊதா இறங்கும். அதைப் பார்க்கவே நான் மாடிக்குப் போவேன். ஏழாம் நாள் வடிகட்டிவிடலாம். இலையில் ஈரம் இருந்தால் பூசணம் பிடித்துவிடும். என் முதல் பாட்டில் அப்படித்தான் வீணானது.

கறை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பூசிய கையோடு ஒரு சந்தன நிறப் பட்டு ரவிக்கையை எடுத்துவிட்டேன். தோள்பட்டையில் ஊதாத் தடம். சோப்பு போட்டு எண்ணெய் போனது, நிறம் போகவில்லை. புதுத்துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். இந்த இலையிலிருந்து ஒருகாலத்தில் துணிக்கு நீலச் சாயமே எடுத்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மரத்தின் ரைட்டியா டிங்டோரியா என்ற பெயரில் பிற்பாதிக்குச் சாயம் தருவது என்றே அர்த்தமாம். கட்டையும் வீண் இல்லை, கர்நாடகத்தில் சென்னபட்டணா பொம்மைகள் காலங்காலமாக இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. அதனால் பூசுகிற நேரத்துக்குப் பழைய துணி, பழைய தலையணை உறை, பழைய துண்டு. நான் இப்போது ராத்திரி மிஷினை மூடியபிறகு இன்னொரு முறை பூசுகிறேன், காலையில் குளித்துவிட்டுத்தான் துணியைத் தொடுகிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். படையில் சீழ்க் கொப்புளம் கிளம்பினாலோ, உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, மூட்டு வீங்கினாலோ தைலத்தை நம்பி உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தைலம் கிடைத்துவிட்டது என்று அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, அது ஆபத்து. முதல்முறை பூசுகிறவர்கள் கொஞ்சம் இடத்தில் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

போன தைப்பொங்கலுக்கு அரைக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன், எனக்கே எனக்கு. மாடியில் இப்போது ஒரு பாட்டில் நான்காம் நாள் வெயிலில் இருக்கிறது. பாதி எனக்கு, பாதி கீழ்வீட்டு அக்கா மகனுக்கு. பத்தாவது படிக்கிறான். தலையில் படை, பள்ளிக்கூடத்தில் பொடுகு பொடுகு என்று கேலி செய்கிறார்களாம். சித்தா டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, இதையே பூசச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலோடு பழைய தலையணை உறை இரண்டும் கொடுக்க வேண்டும்.