ஃபைபர் படிக்கு எந்தத் துணி: வோவன் ரோவிங்கா, சாட்டினா, தையல் துணியா?

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு பிக்கப்புக்கு நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி ஃபைபர் படி, ஒரு பழ சீசன் முடிவதற்குள் தொய்ந்து திரும்பி வந்தது. உடையவில்லை. கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தால் போல்ட் துளையைச் சுற்றி பொடிப்பொடியாக வெள்ளைக் கூட்டல் குறிகள், கட்டம் கட்டமாக. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அது என்னவென்று விளக்கவே வேண்டாம்: பாவும் ஊடையும் ஏறி இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி.

நான் போட்டது வோவன் ரோவிங், அதாவது தடித்த கண்ணாடி நூல் கற்றைகளை ஒன்றுக்கு ஒன்று நெய்த துணி. மலிவு, கையில் பிரியாது, ரெசினும் (துணியில் ஊறி இறுகும் பிசின்) சீக்கிரம் குடிக்கும். ஆனால் நூல் நேராக இல்லை, அலை அலையாகப் போகிறது. பாரம் ஏறும்போதெல்லாம் அந்த அலை நிமிரப் பார்க்கிறது, பக்கத்து ரெசினை நெம்புகிறது, முதலில் குறுக்கு நூலில் விரிசல் விழுகிறது, பிறகு அடுக்குகளுக்கு நடுவே பிரிகிறது, நீள நூல் அறுவது கடைசியில்தான். அதனால்தான் உடைவதற்கு வெகுமுன்பே விறைப்பு குறைந்து தொய்கிறது.

இரும்பு இப்படியில்லை. ஒரு அளவுக்குக் கீழே அழுத்தம் இருந்தால் எத்தனை லட்சம் தடவை மிதித்தாலும் தாங்கும். கண்ணாடி ஃபைபருக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. நல்ல ஃபைபரே, மிதிப்பு பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் முதல் பலத்தில் சுமார் 10 சதவீதம் இழக்கும் என்பது பொதுக் கணக்கு. 10 லட்சம் என்பது ஆறு முறை பத்து மடங்கு, ஆக அப்போது மிஞ்சுவது 40 சதவீதம்தான். நெசவுத் துணி இன்னும் வேகமாக இறங்கும்.

எட்டிழை சாட்டினில் ஒரு நூல் ஏழு நூலுக்கு மேலே போய் ஒன்றுக்கு அடியில் புகும், அதனால் அலை குறைவு, ஆயுள் கூடுதல், வளைவிலும் அழகாகப் படியும். ஆனால் பெரும்பாலும் மெல்லிசாக வருவதால் அடுக்கு மேல் அடுக்கு போட்டு மாளாது.

தையல் துணியில் நூல்கள் பின்னாமல் நேராகக் கிடக்கும், மெல்லிய நூலால் தைத்துப் பிடித்திருப்பார்கள். காற்றாலை இறக்கைக்குப் போவது இந்த வகைதான். திரும்பத் திரும்ப வளைகிற வேலைக்கு என் ஓட்டு இதற்கே. ஒரே குறை, கல் தெறித்து அடித்தால் நூல் போகும் வாக்கிலேயே நீளமாகப் பிளந்துவிடும். பின்னிய துணியோ அடியை அந்த இடத்தோடு நிறுத்திவிடும். வெட்டிய நூலைத் தாறுமாறாகப் பரப்பிய மேட்? தொட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது.

அதனால் இப்போது உள்ளே நீளவாக்கில் தையல் துணி, போல்ட் பகுதிக்கு 45 டிகிரி சாய்த்து இரண்டு அடுக்கு, கல் படும் அடிப்பக்கம் மட்டும் ஒரு அடுக்கு வோவன் ரோவிங். அப்புறம், துளை போட்டதும் விளிம்பில் ரெசின் தடவி மூடிவிடுங்கள். மலை ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது, பாரம் சுமக்கிற கண்ணாடி நூலை ஈரம் இன்னும் சீக்கிரம் அறுத்துவிடும்.