கறுப்பு ரப்பர் வீல் சோக்: கன்டெய்னர் லாரிக்கு எந்த அளவு வாங்கலாம்?

லோடு இறக்கும் இடங்களில் டயருக்கு முட்டாக இன்னும் கருங்கல்லும் உடைந்த பேலட் கட்டையும்தான் கிடக்கின்றன. அதைத் தூக்கிப்போட நினைப்பவர்களுக்கு மஞ்சள் பட்டை போட்ட கறுப்பு ரப்பர் சோக் நல்ல பொருள்தான். ஆனால் 15 செ.மீ. உயரத்தில் மலிவாக வருகிறதே, அது கார், சின்ன வேனுக்கானது. லாரிக்கான 295/80 ஆர் 22.5 அளவு டயரின் விட்டம் சுமார் 104 செ.மீ. அதில் கால் பங்கு உயரம் என்பது பழகிய கணக்கு, 26 செ.மீ. வரும். தரை சமமாக இருக்கும் டாக்கில் (லாரி பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்கும் லோடு மேடை) 20 செ.மீ. சமாளிக்கும், சரிவான யார்டில் அதுவும் போதாது.

3 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் காலியாகவே 4 டன்னைத் தாண்டும். அது ட்ரெய்லருக்குள் போய் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ட்ரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். கடைசியில் டாக் லெவலரின் (மேடையையும் ட்ரெய்லரையும் இணைக்கும் பாலத் தகடு) லிப், அதாவது முன் விளிம்பு, பிடிமானம் இழந்து, ஃபோர்க்லிஃப்ட் இடைவெளியில் கவிழும். அதனால் சோக்கைப் பின் டயருக்கு முன்பக்கம், கேபினைப் பார்த்த பக்கத்தில், இடமும் வலமும் ஒட்டி வைக்க வேண்டும். பலர் டயருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178 இதற்கென்றே பிரேக்கும் போட்டு, பின் சக்கரத்துக்குச் சோக்கும் வைக்கச் சொல்கிறது.

வாங்கும்போது புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் மழை ஈரத்திலும் எண்ணெய்த் தரையிலும் வழுக்கும். ஆழமான வரி வேண்டும். ஓரத்தை நகத்தால் கீறினால் தூளாக உதிர்வது பழைய டயர்த் தூளைச் சரியாக இறுக்காத சரக்கு. சங்கிலி மாட்டும் வளையம் ரப்பருக்குள் வெறுமனே திருகியிருந்தால் சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும், மறுபக்கம் நட்டு போட்டதாகப் பார்த்து எடுங்கள். லோடு ஏற ஏற டயர் பிதுங்கிச் சோக்கை இறுக்கிவிடும். அப்போது கையை விட்டு இழுத்தால் விரல் போகும். டிரைவர் அரை அங்குலம் பின்னால் எடுத்து நிறுத்தி பிரேக் போட்டதும், பக்கவாட்டில் நின்று சங்கிலியால் இழுக்க வேண்டும்.

டிரைவர் அவசரப்பட்டு வண்டியை எடுத்தால் எந்தச் சோக்கும் தடுக்காது, டயர் ஏறிப் போய்விடும். சாவி டாக் ஆபீஸ் கொக்கியில் தொங்கட்டும். குதிரையை (இழுக்கும் முன்வண்டியை) கழற்றிவிட்டு நிற்கும் ட்ரெய்லருக்கு முன்பக்கம் தனியாக ஜாக் ஸ்டாண்ட் (தாங்கு கால்) கொடுக்காமல் ஃபோர்க்லிஃப்டை உள்ளே விடக்கூடாது.

ஜோடியாக வாங்கி, 4 அல்லது 5 மீட்டர் சங்கிலியில் டாக் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லாரியோடு அதுவும் ஊர் போய்விடும்.